ஒரு பக்கச் சிறகு

அந்தக் கல்லைப் பிளந்தது யாருடைய சுத்தியல் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அங்கே இருந்த மூன்று பேர் வாயாலும் பலமுறை கேட்டாயிற்று. யார் சொல்லக் கேட்கிறேனோ அப்போதைக்கு அவர் சொல்வதே உண்மை என்று தோன்றும். பிறகு நாளாக ஆக மூன்றும் எனக்குள் கலந்துபோய்விட்டன. கொட்டுமழை என்று இருவர் சொல்கிறார்கள், வெறும் தூறல்தான் என்கிறார் மூன்றாமவர். ஆகவே முதல் காட்சியில் மட்டும் என் நினைவை நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

சல்கினாய் சொல்வது இது. கிஸில்-ஜாரின் செம்மண் சரிவில் அந்தக் கோடைக்கு அதுதான் கடைசி நாள். கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருக்க மாட்டாமல் அவள் ஒரு சாம்பல் நிறப் பலகைக்கல்லின் விளிம்பில் தட்டினாள். கல் ரொட்டி பிய்வதுபோல இரண்டாகப் பிரிந்தது. உள்ளே எள்ளை வரிசையாக அடுக்கினதுபோல ஒரு முதுகெலும்பு. அதன் முனையில் கட்டைவிரல் நகமளவு மண்டையோடு. ஓணானைப் போன்ற ஏதோ ஒரு பிராணி. மலைகள் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் செத்துச் சேற்றில் புதைந்தது.

அவளோடு சேர்ந்து தோண்டிய ஒர்மொன்பெக் சொல்வதும் இதேதான். தட்டியது மட்டும் அவர். அவள் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாளாம்.

லாரி ஓட்டி வந்த மாமாசாலி இரண்டையும் மறுக்கிறான். "ரெண்டு பேரும் தட்டல. வண்டியில ஏத்தும்போது என் கை வழுக்கிடுச்சு. டமார்னு விழுந்து ரெண்டாப் போச்சு. என்னைத் திட்டுறதுக்கு வாயத் திறந்தவங்க கல்லப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க" என்பான்.

புதைபடிவம் தேடும் இந்தத் தொழிலில் கண்டெடுத்தவரே பெயர் வைப்பதுதான் வழக்கம். அதனால் சுத்தியல் யாருடையது என்பது சின்ன விஷயமில்லை. ஏழு கோடைக்காலம் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அவரை அவள் 'ஒர்மொன் பைகே' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். அவர் அவளை 'சல்கின்' என்பார். லாரி மலையிறங்கித் தார்ச்சாலைக்கு வருவதற்குள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஓஷ் நகரில் அவர் தன் பாதியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு இறங்கினார். மழைச்சேறு அப்பிய மற்றப் பாதி அவளோடு பிஷ்கெக்குக்குப் போயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஆய்வுக்கூடத்தில் ஊசியும் தூரிகையுமாக உட்கார்ந்து சேற்றை நீக்கினாள். முதுகெலும்பின் இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விசிறி வெளியே வந்தது. மெல்லிய நீண்ட காம்புகள், அவற்றுக்கிடையே கறுத்த படலம். விலா எலும்புகள் நீண்டு, தோல் போர்த்து, சிறகாகியிருந்தன. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு தகைவிலான் குருவிக்குக் கிர்கிஸ்காரர்கள் சொல்லும் பெயரையே அதற்கு வைத்தாள். கார்லிகாச்.

கட்டுரை வெளிவந்த அடுத்த ஆண்டே ஓஷிலிருந்து பதில் வந்தது. ஒர்மொன்பெக் தன் பாதியைச் சுத்தம் செய்து படம் எடுத்திருந்தார். விசிறி அதிலும் இருந்தது. ஆனால் அது சிறகல்ல, பெரணி இலை என்று எழுதியிருந்தார். இலைமேல் விழுந்து செத்த ஓணான். காரணம் எளிமையானது, குழந்தைக்கும் புரிவது: விசிறி ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சிறகு உள்ள பிராணி உலகத்தில் கிடையாது.

சல்கினாயிடம் அதற்குப் பதில் இல்லை. மற்றச் சிறகு அழுகிப் போயிருக்கலாம், மடங்கி இருக்கலாம் என்று சுற்றிச் சுற்றி எழுதினாள். மாநாடுகளில் இருவரும் அரங்கின் இரு கோடியில் உட்கார்ந்தார்கள். அவர் பேசும்போது அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவாள். அவள் பேசும்போது அவர் சத்தமாக மூக்கைச் சிந்துவார்.

இவ்வளவு பகையிலும் அவளுக்குள் யாரிடமும் சொல்லாத ஒரு ஆறுதல் இருந்தது. கல் பிளந்தால் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்றில் இடப்பக்கம் இருப்பது மற்றதில் வலப்பக்கம் தெரியும். படிக்கிறவர்கள் குழம்பக் கூடாதென்று, எதிர்ப்பாதியை, அதாவது முதன்மையாகக் கொள்ளப்படாத பாதியை, வைத்திருப்பவர் தன் படத்தை இடவலமாகத் திருப்பி, முதற்பாதியின் படத்தோடு பொருந்தும்படி அச்சிடுவது துறையில் வழக்கம். ஒர்மொன்பெக் அச்சிட்ட படத்தில் விசிறி இடப்பக்கம் இருந்தது, அவளுடைய படத்தில் இருந்ததைப் போலவே. ஆக, அவர் திருப்பியிருக்கிறார். ஊரறியச் சண்டை போட்டாலும், தன்னிடம் இருப்பது எதிர்ப்பாதிதான், முதற்பாதி சல்கினாயிடம்தான் என்று அந்தத் திமிர் பிடித்த மனிதர் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். தோற்றுப்போனதாகத் தோன்றும் நாட்களில் அவள் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஆண்டுகள் போயின. அவள் தலை நரைத்தது. அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து ப்ரூக்மன் என்ற பேராசிரியர் எழுதினார். பழம்பிராணிகளின் பறத்தலைப் பற்றி உலகத்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கோடையில் பிஷ்கெக்கில் நடக்கும் மாநாட்டுக்கு வருகிறார். கார்லிகாச்சைப் பறக்கும் பிராணிகளின் பட்டியலிலிருந்து நீக்கும்படி அங்கே முன்மொழியப் போகிறார். 'உங்கள் தரப்பில் புதிய சான்று ஏதேனும் இருந்தால் கேட்க ஆவலாயிருக்கிறேன்' என்று மரியாதையாக முடித்திருந்தார். அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. அவர் நீக்கினால் நீக்கியதுதான். அவள் வாழ்நாளில் கண்ட ஒரே பெரிய விஷயம் ஒரு பெரணி இலையாகிவிடும்.

புதிய சான்று ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். அவளுடைய பாதியில் விசிறியின் காம்புகள் முதுகெலும்பைத் தொடும் இடம் உதிர்ந்து போயிருந்தது. மற்றப் பாதியில் அந்த இடம் பிழைத்திருக்கலாம். காம்பு எலும்போடு மூட்டுப் போட்டிருந்தால் சிறகு. தாண்டிப் போயிருந்தால் இலை. எது என்று பார்க்காமல் மேடையேற முடியாது.

ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு மாமாசாலியைக் கூப்பிட்டாள். அவன் இப்போது பிஷ்கெக்குக்கும் ஓஷுக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எஜே, இது யாரு முன்சீட்டுல?" என்று கேட்டான். அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டாலும் கேலிக்குக் குறைச்சலில்லை. கம்பளியில் சுற்றிய கல்லை அவள் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தாள்.

"யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"அடேங்கப்பா, அந்தப் பயலா! வளந்துட்டானா?" கம்பளியை லேசாகத் தட்டிக் கொடுத்தான். "புருஷன் பொண்டாட்டி பிரியும்போது ஆட்டை, மாட்டைப் பங்கு போட்டுக்குவாங்க. கல்லைப் பங்கு போட்டுக்கிட்டவங்க நீங்க ரெண்டு பேருந்தான்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். அவர் கதவத் திறப்பாரா?"

"தெரியல."

"திறக்கலைன்னா?"

அவள் பின்சீட்டிலிருந்து எக்கிக் கல்லின் பெல்ட்டை இறுக்கினாள். தூ-ஆஷூ கணவாயின் இருட்டுச் சுரங்கத்துக்குள் கார் நுழைந்து, மறுபுறம் சூசாமிர் புல்வெளியின் வெளிச்சத்தில் வந்து விழுந்தது. வழியெல்லாம் குதிரைப்பாலும், தயிரை உப்பிட்டு உருட்டிக் காயவைத்த குர்த் உருண்டைகளும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மாமாசாலி குர்த் வாங்கி நீட்டினான். அந்த உப்புருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தொக்தோகுல் ஏரி கண்ணைவிட்டு மறையும்வரை அவள் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஒர்மொன்பெக்கின் ஆய்வறை பல்கலைக்கழகத்தின் மேல்மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவளையும் கம்பளி மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். புருவங்கள் முழுக்க வெளுத்திருந்தன.

"வாங்க, சல்கினாய் அசனோவ்னா." தகப்பன் பெயரையும் சேர்த்து முழுப்பெயர் சொல்லி வரவேற்பது எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியும். "உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போலாம்."

பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். விளிம்பு வரைக்கும் ஊற்றினார். வேண்டியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றிக் கொடுத்து உட்கார வைப்பதற்காக. நிறைய ஊற்றிக் கொடுத்தால் இதைக் குடித்துவிட்டு எழுந்துபோ என்று அர்த்தம்.

"நல்லா ரொப்பிட்டீங்க, பேராசிரியரே."

"தூரத்துலேர்ந்து வர்றீங்க. தாகமா இருக்கும்ல."

அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. கீழே தெருவில் யாரோ தர்பூசணி விலையைக் கூவிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து மறைந்தது.

"உங்க பாதியப் பாக்கணும்" என்றாள் கடைசியில்.

"எதுக்கு? இலையப் பாக்கறதுக்கா?"

"ப்ரூக்மன் வர்றார்."

"தெரியும், எனக்கும் எழுதியிருக்கார். என் கட்டுரைய வச்சுத்தான் பேசப் போறாராம்." மறைக்க முடியாத பெருமை குரலில் வழிந்தது. "ஜெர்மன்காரன் படிச்சிருக்கான். பிஷ்கெக்காரங்களுக்குத்தான் படிக்க நேரமில்ல."

"படிச்சேன். எழுத்துப் பிழைகூட எங்கெங்கன்னு சொல்லட்டுமா?"

"சரி, எழுத்துப் பிழை இருக்கட்டும். விஷயத்துல பிழை இருக்கா? ஒத்தைச் சிறகை வச்சுக்கிட்டு எந்த ஜீவன் பறக்கும்? மரத்துலேர்ந்து குதிச்சா பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே கீழ விழும். உங்க கார்லிகாச் பம்பரம்!"

"நீங்க சந்தேகத்துல எழுதல. கோவத்துல எழுதினீங்க."

"நீங்க பேரு வச்சது மட்டும் அன்புலயா? என் சுத்தியல்ல உடைஞ்ச கல்லுக்கு?"

"என் சுத்தியல்!"

"உங்க கையில டீக்கிண்ணம் இருந்துச்சு!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்தது வீண் என்று அவளுக்குத் தோன்றியது. கிளம்புவதற்காகக் கம்பளி மூட்டையில் கை வைத்தாள். வெறுங்கையோடு திரும்பும்போது சொல்லிவிட்டாவது போவோம் என்றோ என்னவோ, இத்தனை காலம் தனக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எவ்வளவு வாய் பேசினாலும் நீங்க ஒரு மரியாதை பண்ணீங்க. உங்க படத்த என் படத்துக்குத் தோதாத் திருப்பிப் போட்டீங்க. அத நான் மறக்கல."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"படத்தத் திருப்பிப் போட்டீங்களே, அத."

"நான் திருப்பலையே." அவர் முகத்தில் கோபம் இல்லை, வெறும் குழப்பம்தான் இருந்தது. "நீங்கதானே திருப்பினீங்க?"

"நானா? நான் எதுக்குத் திருப்பணும்? என்னோடதுதான் முதற்பாதி."

"இத்தனை வருஷமா நான்... நீங்க திருப்பிட்டீங்கன்னு... உள்ளுக்குள்ள ஒத்துக்கிட்டீங்கன்னு..."

அவர் கண் அலமாரிப் பக்கம் போயிற்று.

அந்த அறையில் விழுந்த மௌனத்தைப் பற்றி சல்கினாய் பிற்பாடு சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வாள். ஒரே நினைப்பு இருவர் தலைக்குள்ளும் ஒரே வேகத்தில் நடந்துபோவது அவளுக்குக் கேட்டதாம். அவள் திருப்பவில்லை. அவரும் திருப்பவில்லை. இருவர் கல்லிலும் விசிறி இடப்பக்கம். ஒரே விசிறியின் இரு பாதிகளாயிருந்தால் ஒன்று இடமும் மற்றது வலமுமாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் இடம் என்றால்?

ஒர்மொன்பெக் அலமாரியைத் திறந்தார். தன் பாதியை வெளியே எடுத்தார். அவள் கம்பளியைப் பிரித்தாள். இரண்டு கற்களையும் தலைகள் ஜன்னல் பக்கம் இருக்கும்படி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மாலை வெயில் சாய்வாக வந்து ஒவ்வொரு எலும்பின் விளிம்பையும் எழுப்பிக் காட்டியது. இரண்டு முதுகெலும்புகள். இரண்டுக்கும் இடப்பக்கம் விசிறி.

"ட்ரேசிங் பேப்பர்" என்றாள்.

அவர் ஏற்கனவே தேடிக்கொண்டிருந்தார். தன் கல்மேல் தாளைப் போட்டு முதுகெலும்பையும் விசிறியின் காம்புகளையும் பென்சிலால் வரைந்தார். பிறகு தாளைத் தூக்கி, திருப்பி, அவள் கல்மேல் போட்டார். அவள் இரண்டு விரலால் நகர்த்தி முதுகெலும்போடு முதுகெலும்பைப் பொருத்தினாள்.

இடப்பக்கம் கல்லில் ஒரு சிறகு. வலப்பக்கம் தாளில் ஒரு சிறகு. காம்புக்குக் காம்பு, வளைவுக்கு வளைவு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு விரிந்திருந்தன.

"ரெண்டு!" ஒர்மொன்பெக் கத்தினார். மேஜையைக் குத்தினார். தேநீர் கொட்டியது. "ரெண்டுடி சல்கின்! ரெண்டு பக்கமும்! பறந்திருக்கு! சனியன், பறந்திருக்கு!"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கல்லில் முதுகெலும்போரம் குனிந்தாள். அவளுடையதில் உதிர்ந்துபோன இடம் அதில் முழுசாக இருந்தது. ஒவ்வொரு காம்பும் எலும்பின் குழியில் மூட்டாக உட்கார்ந்திருந்தது. இலை என்று முடிவுகட்டிவிட்டவர் அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததேயில்லை. எந்த இலையும் எந்தக் காலத்திலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"நான் சொரண்டினது மழைச்சேறுன்னு நெனச்சேன்" என்றாள் நிமிராமலே.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இவ்வளவு கெட்டியாவா சேறு இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். அது கல்லோட படலம். உன் சிறகு உன் கல்லுக்குள்ள, என் சிறகு என் கல்லுக்குள்ள. பிளவு நடுவுல போயிருக்கு. பிளந்த அன்னிக்கு ரெண்டுமே வெளிய தெரியல."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேக்கல. யாரு கேட்டா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. பக்கத்திலிருந்த துணியை இழுத்துத் தன் கல்லை மூடினார்.

"படம் எடுத்துக்கோ" என்றார். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. பிஷ்கெக்ல போய்ச் சொல்லு. என் பேரப் போட வேண்டாம். நான் வரல."

"ஏன்?"

"இந்த ஊரத் தாண்டி என் பேரு தெரியற ஒரே இடம் அந்தக் கட்டுரைதான், சல்கின். இலைன்னு நிரூபிச்சவன். இப்ப யாரு நான்? மத்தச் சிறகை அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்தவன்."

எழுந்து நடைவழிக்குப் போய்விட்டார். அவருடைய காலடிகள் அங்கே போவதும் வருவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

சல்கினாய் மூடிய கல்லின் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். கேமரா பையில்தான் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு போனால் ப்ரூக்மனின் எதிரே அவள் மட்டும் நிற்கலாம். வெற்றி முழுக்க அவளுடையது. இத்தனை காலமாக மனசுக்குள் பலமுறை நடத்திப் பார்த்த காட்சி அது. அதில் ஒர்மொன்பெக் எப்போதும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியை இப்போது நடத்திப் பார்த்தாள். ருசிக்கவில்லை. படத்தை அவர் திருப்பவில்லை என்பது எந்த ஆண்டிலும் ஒரு தொலைபேசியில் தெரிந்திருக்கக் கூடியது. அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆறுதல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள். சிறகை மறைத்து வைத்தது அவருடைய அலமாரி மட்டுமல்ல.

நடைவழிக்குப் போனாள்.

"பைகே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் நின்றார்.

"ஒத்தைச் சிறகோட பறந்தா பம்பரம் மாதிரி சுத்தி விழும்னு இப்பதான் நீங்க சொன்னீங்க. என்னை மட்டும் தனியா மேடையேறச் சொல்றீங்களே?"

"நக்கல் பண்ணாத."

"பண்ணல. உங்க படத்த நான் எத்தனை தடவை எடுத்துப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டிருக்கேன். நீங்க மேடையில உங்க தப்பச் சொல்லுங்க. நான் என் தப்பச் சொல்றேன். ரெண்டுல எது பெருசுன்னு அவங்க பாத்துக்கட்டும்."

அவர் நடைவழியை இன்னொரு முறை அளந்தார். பிறகு அவளைத் தாண்டி அறைக்குள் போனார். கொட்டிய தேநீரைத் துடைத்தார். கெண்டியை எடுத்து அவளுடைய கிண்ணத்தில் ஊற்றினார். அடிப்பாகம் நனையும் அளவுக்குத்தான் ஊற்றினார்.

அவள் அதைப் பார்த்தாள். உட்கார்ந்து குடித்தாள். காலியானதும் நீட்டினாள். அவர் மறுபடி கொஞ்சம் ஊற்றினார்.

மாநாட்டு அரங்கில் அன்று நிற்க இடமில்லை. ப்ரூக்மன் உயரமான மனிதர், மெதுவாகப் பேசினார். கார்லிகாச் அழகான யோசனை என்றும், அழகானதெல்லாம் உண்மையாக இருந்துவிடுவதில்லை என்றும் சொன்னார். ஒரு பக்கச் சிறகு என்பது இயற்கையில் இல்லாத ஒன்று என்று முடித்துவிட்டு, "பதில் உண்டா?" என்று சல்கினாயின் இருக்கையைப் பார்த்தார். இருக்கை காலியாக இருந்தது.

பின்கதவு திறந்தது. சல்கினாயும் ஒர்மொன்பெக்கும் ஆளுக்கொரு கல்லைச் சுமந்துகொண்டு சேர்ந்தாற்போல நடந்து வந்தார்கள். அரங்கில் ஒரு சலசலப்பு ஓடியது. அவர்கள் இருவரையும் பத்தடி இடைவெளிக்குள் பார்த்தவர்கள் அங்கே சொற்பம்.

ஒர்மொன்பெக் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பேராசிரியர் ப்ரூக்மன் என் கட்டுரைய நம்பிப் பேசினார். என் கட்டுரை தப்பு." தன் கல்லை மேடை மேஜைமேல் வைத்தார். "எப்படித் தப்புன்னு இவங்க காட்டுவாங்க. நான் தாளப் பிடிச்சுக்கறேன்."

படங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் விளக்குப்பெட்டியின் கண்ணாடிமேல் அவள் தன் கல்லின் வரைபடத்தை வைத்தாள். திரையில் இடச்சிறகு பெரிதாக விரிந்தது. "எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் படத்தத் திருப்பியிருப்பாங்கன்னு நீங்க எல்லாரும் நெனச்சீங்க. நாங்களும் நெனச்சோம். ஆளுக்கு ஆள் அடுத்தவங்க நமக்குத் தலை குனிஞ்சுட்டாங்கன்னு நெனச்சு சந்தோஷப்பட்டோம்" என்றாள். "யாரும் திருப்பல. இப்ப திருப்பறோம்."

ஒர்மொன்பெக் தன் தாளைத் திருப்பி அதன்மேல் வைத்தார்.

திரையில் கார்லிகாச் இரண்டு சிறகையும் விரித்தது.

யாரும் கைதட்டவில்லை. ப்ரூக்மன் எழுந்து மேடைக்கு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு கல்மேல் குனிந்தார், பிறகு மற்றதன்மேல். மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்த நேரம் முடியவே போவதில்லை என்று சல்கினாய்க்குத் தோன்றியது. கடைசியில் அவர் நிமிர்ந்து, தன் உரையின் காகிதங்களை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பறந்திருக்கிறது" என்றார்.

அப்போதுதான் அரங்கம் எழுந்தது. கைதட்டல் ஓய்வதாக இல்லை. முன்வரிசைக் கிழவர்கள் கால்பாக் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். ஒர்மொன்பெக் திரையைப் பார்த்தபடி சிறு பையனைப்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். தான் தோற்றதைக் கொண்டாடுகிற மனிதரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது, அவரை நினைத்து.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ப்ரூக்மன் கேட்டார்: "இந்தக் கல்லை உடைத்தது உங்களில் யார்?"

"அவர்" என்றாள் சல்கினாய். "அவரோட சுத்தியல்."

"பொய்!" என்றார் ஒர்மொன்பெக். "இவளோட சுத்தியல்தான். நான் டீ குடிச்சுக்கிட்டு நின்னேன்."

"டீ குடிச்சது நான்!"

"சபையில பொய் சொல்லாத, சல்கின்!"

கடைசி வரிசையிலிருந்து மாமாசாலியின் குரல் வந்தது. "ரெண்டு பேருமே இல்லங்க! நான்தான் கீழ போட்டேன்!"

அரங்கம் சிரித்த சிரிப்பில் அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

கட்டுரை இருவர் பெயரிலும் மறு வசந்தத்தில் வெளிவந்தது. யார் பெயர் முதலில் என்பதில் மூன்று வாரம் சண்டை நடந்தது, இந்தமுறை தொலைபேசியில். அகரவரிசைப்படி ஒர்மொன்பெக் முதலில் வந்தார். சல்கினாய் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அவர் ஓஷிலேயே இருக்கிறார். பெரணி இலை என்று சொல்லிக் கொடுத்த மாணவர்களில் முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் தன் கையால் கடிதம் எழுதினார். ப்ரூக்மன் இரண்டு கோடை கிஸில்-ஜாருக்கு வந்து தோண்டினார், ஒரு தவளையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. முழங்கால் வலி வந்தபிறகு வருவதில்லை. மாமாசாலி காரை விற்றுவிட்டு ஜலாலாபாத் சாலையில் இறைச்சி அடைத்த சம்சா சுட்டு விற்கிறான். கல்லைக் கீழே போட்ட கதையைக் கேட்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகத் தருகிறான். சல்கினாய் ஓய்வு பெறவில்லை. கல்லின் இரு பாதிகளும் பிஷ்கெக்கில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.